பல்லவி வருதுங்க!

திருப்பூரில் பனியனுக்கு அடுத்தபடியாக ஏராளமாக உற்பத்தியாகிறவர் யார் தெரியுமா? பாட்டு கட்டுகிறவர்! சந்தேகமிருந்தால் ஏதாவது டீக்கடையில் நின்று பாருங்கள். மகளுக்கு மாப்பிள்ளை அமையாத கவலையை நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிராளி ஒரு விரலைத் தூக்கி, கண்ணை மூடி, "இருங்க இருங்க, பல்லவி வருதுங்க" என்பார். மாப்பிள்ளை காத்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் ராயபுரத்து உருப்படி தண்டாயுதபாணி, ஓவர்லாக் மெஷினில் பனியன் தைக்கிறவர். வீட்டில் பாட்டெழுத உட்கார்ந்தால் குக்கர் விசிலடிக்கக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது, மனைவி கலைமகள் இருமக்கூடக் கூடாது. அப்படியும் ஒரு வரி வராது. ஆனால் கம்பெனியில், அத்தனை மெஷின் இரைச்சலில், பீஸுக்கு இவ்வளவு கூலி என்று பறந்து தைக்கையில் மடமடவென்று கொட்டும்! உடனே செல்போனில் பாடி ஊருக்கே அனுப்புவார். "மனசுல பட்டதச் சொல்லுங்க" என்பார். சொல்லித்தான் பாருங்களேன்!

இந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் குழுவுக்கு அவர் பாட்டுதான். முருகன் சன்னிதியில் தன் பாட்டு ஒரு தடவை கேட்டுவிடாதா என்று மனுஷன் ஏங்காத நாளில்லை. குழுத்தலைவர் மகுடேஸ்வரனோ, "சரிப்படலீன்னா ஸ்பீக்கர்ல பழைய பாட்டப் போட்டுருவனுங்க" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

கிளம்பினார்கள், பாடினார்கள். அடடா, என்ன விறுவிறுப்பு! கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, ஒருத்தரும் நடக்கவில்லை, ஓடுகிறார்கள். பாட்டு முழுக்க ஓவர்லாக் வேகம். காலும் அதன் பின்னாலேயே போகிறது. காவடி குலுங்க, பெரியவர்கள் மூச்சிரைக்க, அவிநாசிபாளையத்து அன்னதானப் பந்தலில் போய் விழுந்தால், அங்கே அரிசிகூடக் களையவில்லை.

"ஏனுங்க, நாம போறது பழனிக்குங்களா, இல்ல ஷிப்மென்ட் அவசரத்துக்குங்களா?" என்று மகுடேஸ்வரன் ஸ்பீக்கரை எடுத்தார்.

"கொஞ்சம் மெதுவாப் பாடினா..." என்றார் ஒருவர்.

"மெட்டுல கை வெச்சா பாட்டு செத்துருமுங்க!" சொல்லும்போதே தண்டாயுதபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது.

கூடவே நடந்து வந்திருந்த கலைமகள் எழுந்தாள். "எனக்குக் காலெல்லாம் கொப்புளமுங்க. ஓட முடியாது" என்று, அதே பாட்டை நொண்டி நொண்டி, இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டு நடந்தாள். அப்பப்பா, என்ன சுகம்! மகுடேஸ்வரனே ஸ்பீக்கரைப் பைக்குள் போட்டுவிட்டுப் பின்பாட்டுப் பாடினார். முருகன் சன்னிதியிலும் அந்தப் பாட்டுதான்.

மலையிறங்கும்போது தண்டாயுதபாணி எல்லாரையும் நிறுத்திச் சொன்னார்: "இந்த வேகத்தத்தானுங்க நானும் மொதல்லயே நெனச்சிருந்தேன்."

சிரிக்கிறீர்களா? நல்லது. "சும்மா கிறுக்கினது" என்று நாலு வரி எழுதி யாருக்கோ அனுப்பினீர்களே, இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நடுநடுவே போனை எடுத்து, அவர் பார்த்துவிட்டாரா என்று பார்த்தது யாருங்க?