ஏறாத டாலரும் ஏறிய தாடியும்

டாலர் நூறைத் தொடும்வரை தாடியைத் தொடுவதில்லை என்று டாலர்காரர் சபதம் எடுத்தபோது, டாலர் தொண்ணூற்றாறில் நின்றது. சபதம் அதன் காதில் விழுந்ததோ என்னவோ, மறுநாளே தொண்ணூற்று மூன்றுக்கு இறங்கிவிட்டது. தாடி மட்டும் ஏறிக்கொண்டே போனது.

டாலர்காரர் என்றதும் பெட்டி பெட்டியாக டாலர் அடுக்கிவைத்திருப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். அது தெருக்காரர்கள் வைத்த பெயர். மனிதர் வீட்டு முன்னறையில் கணினி முன்னால் உட்கார்ந்து, கடல் தாண்டியிருக்கும் புகைப்படக்காரர்களுக்குப் படம் திருத்திக் கொடுப்பவர். கல்யாணப் படத்தில் குறுக்கே வந்தவனைக் காணாமல் அடிப்பார். கொட்டாவி விட்ட மாமனாரைச் சிரிக்க வைப்பார். வழுக்கையில் முடி நடுவார். தலைக்கு இரண்டு டாலர். சொந்தத் தலையில் நடத்தான் வழியில்லை.

கூலி டாலராகவே இணையக் கணக்கில் வந்து விழும். விழுந்ததை எடுக்க மாட்டார். இன்னும் ஏறட்டும், இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று விட்டுவைப்பார். அப்படி ஒரு வருட உழைப்பு அதற்குள் படுத்துக் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து மகள் போன் செய்தாள். தலைப்பிரசவம். படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு விடுப்பு இல்லை. "நீங்க ரெண்டு பேரும் வந்துட்டா எனக்குப் பயமில்லம்மா" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

போனை வைத்ததும் மனைவி முன்னறைக்கு வந்தாள். குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். எந்த அழுகைக்கும் பதறாதவள்.

"டிக்கெட் போட்டுடலாங்க."

"போடலாம், போடலாம். டாலர் நூறு ஆகட்டும்."

"நூறு ஆனா?"

"மொத்தத்தையும் வித்துடுவேன்."

"வித்து?"

"நம்ம பணமா மாத்துவேன்."

"மாத்தி?"

"டிக்கெட் வாங்குவேன். மிச்சத்துக்கு, அங்க போய்ச் செலவு பண்ண டாலர் வாங்குவேன்."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கையில இருக்கற டாலரை வித்துட்டு, டாலர் வாங்கப் போறீங்க."

"ஆமா."

"நூறுக்கு வித்தா நூறுக்கு மேல குடுத்துத்தானே வாங்கணும்?"

டாலர்காரர் தாடியைச் சொறிந்தார். அதற்கு இப்போது நிறைய இடமிருந்தது. "இதெல்லாம் சந்தை நுணுக்கம்டி. உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாட்டாப் போகுது. பிரசவத்துக்குப் புரியணுமே! அது நூறு வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?"

நியாயமான கேள்விதான். பதில் தெரியாததால் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் யோசனை கேட்கப் போனார். பல் டாக்டர் அப்போதுதான் உலகம் சுற்றிவிட்டு வந்திருந்தார். உச்சத்தில் டாலர் வாங்கிக்கொண்டு போய், மிஞ்சியதைப் பாதாளத்தில் விற்றவர்.

"சார், நான் வாங்கினா இறங்குது. வித்தா ஏறுது. அதுக்கும் எனக்கும் ஏதோ பூர்வ ஜென்மப் பகை."

"அப்ப நான் என்ன செய்யட்டும் டாக்டர்?"

"நான் விக்கச் சொன்னா விக்காதீங்க. வெக்கச் சொன்னா வெக்காதீங்க."

"இப்ப என்ன சொல்றீங்க?"

"ஒண்ணும் சொல்லல. வாயைத் திறங்க, கடைவாயில ஏதோ கறுப்பாத் தெரியுது."

அன்றிலிருந்து டாலர்காரர் திரையின் மூலையில் விலைக்கோட்டைத் திறந்துவைத்துவிட்டார். கோடு பச்சையாக ஏறினால் மனிதருக்கு முகம் மலரும். சிவப்பாக இறங்கினால் தொண்டையில் சாப்பாடு இறங்காது. கண் அதிலேயே இருந்ததால் கை தடுமாறி, மணமகனுக்கு வைக்க வேண்டிய மீசையை மணமகளுக்கு வைத்து அனுப்பிவிட்டார். அந்தப் புகைப்படக்காரர் தங்கமான மனிதர். "மாப்பிள்ளைக்கும் ஒன்று வையுங்கள், பொருத்தமாக இருக்கும்" என்று மட்டும் எழுதினார்.

இத்தனையிலும் ஒரு விசித்திரம் பாருங்கள். விலையை நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தவர், கணக்கில் இருப்பு எவ்வளவு என்று ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. அதன் கடவுச்சொல்கூட அவருக்கு ஞாபகம் இருக்காது. மனைவியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் காலை கோடு விறுவிறுவென்று மேலே போய்க்கொண்டிருந்தது. மனைவி கைக்கணினியுடன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, மகளுக்கு அனுப்பிடவா?"

"உம்."

"நெசமாத்தான் கேக்கறேன். அனுப்பட்டா?"

"உம், உம்."

"உங்க போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க. படிங்க."

திரையிலிருந்து கண்ணை அரை விநாடி எடுத்தார். ஆறு எண்களையும் பள்ளிக்கூடத்துப் பையன் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் கணீரென்று படித்தார். மறுபடி கோட்டுக்குள் குதித்துவிட்டார். மனைவி எழுந்து வேலைக்குப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பொன்னாள் வந்தது. டாலர் நூறைத் தொட்டது!

துண்டோடு நின்றிருந்த டாலர்காரர் போட்ட கூச்சலில் பல் டாக்டர் வீட்டு நோயாளி வாயை மூட மறந்தார். "அடியே, சீக்கிரம் வா! கடவுச்சொல்லைச் சொல்லு! என் வெற்றியைக் கண்ணால பாரு!"

மனைவி வந்தாள், சொன்னாள். கணக்கு திறந்தது.

இருப்பு: பதினொரு டாலர்.

"திருட்டு!" என்று அலறினார். "கொள்ளை! போலீசைக் கூப்பிடு!"

"கத்தாதீங்க. திருடி இங்கதான் நிக்கறேன்."

"நீயா? யாரைக் கேட்டு எடுத்தே?"

"உங்களைக் கேட்டுத்தான். ஒரு உம்முக்கு மூணு உம் சொன்னீங்க. நம்பரையும் நீங்கதான் வாசிச்சீங்க."

"நான் அப்ப கோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பேனே!"

"அதான் அப்பப் பார்த்துக் கேட்டேன். காப்பகத்துல மருந்து குடிக்காத பிள்ளைக்கும் இதே வைத்தியந்தான். ஒரு கையால கிலுகிலுப்பையை ஆட்டினா வாய் தானாத் திறக்கும். இன்னொரு கையால ஊத்திட வேண்டியதுதான்."

அவர் வாயைத் திறந்தார். உள்ளே போக மருந்தும் இல்லை, வெளியே வர வார்த்தையும் இல்லை. அதற்குள் போன் அடித்தது. மகள்.

"அப்பா! பிரசவத் தேதியை முன்னாடி கொண்டுவந்துட்டாங்கப்பா. அடுத்த வாரமே. நீங்க அன்னிக்கே பணம் அனுப்பினதால ஆஸ்பத்திரியில இடம் பிடிச்சாச்சு, உங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட்டும் எடுத்தாச்சு. கிளம்பற நாளை உங்ககிட்டச் சொல்ல வேண்டாம், தானே சொல்றதா அம்மா சொன்னாங்க. இப்பப் பார்த்தா ஒரு விமானத்துலயும் இடமே இல்ல. நல்லவேளைப்பா, நீங்க யோசிச்சுக்கிட்டு இருக்கல."

யோசித்துக்கொண்டே இருந்த அப்பா, "உனக்கு முன்னாடி எனக்கு எதும்மா?" என்று தாராளமாக ஒரு வார்த்தை விட்டார். மனைவி காட்டிக்கொடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலைத் தலைப்பால் சிரிப்பைத் துடைத்தாள்.

போனை வைத்தபோது திரையில் கோடு சிவந்து, நூறிலிருந்து சறுக்கிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காணாமல்போன பணத்துக்கு நன்றி சொன்ன முதல் மனிதர் உலகத்திலேயே அவராகத்தான் இருக்க வேண்டும்.

"நீ மட்டும் இல்லேன்னா, பேரப்பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பிச்சப்புறம்தான் போய் நின்னிருப்பேன்" என்றார். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "நீ நல்லா இருக்கணும்டி."

"சரி, சரி. மூஞ்சிய வழிச்சுக்கிட்டு வாங்க. குழந்தை பயந்துக்கும்."

வழித்துக்கொண்டு வந்தார். பத்து வயது குறைந்தாற்போல் இருந்தது. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏன்டி, எல்லாத்தையும் அனுப்பினவ பதினொரு டாலரை மட்டும் எதுக்கு விட்டுவெச்சே?"

"விமானம் ஏற இன்னும் மூணு நாள் இருக்கு. அதுவரைக்கும் நான் நிம்மதியாப் பெட்டி கட்ட வேண்டாமா? போங்க, போய் அது ஏறுதா இறங்குதான்னு பாருங்க."