வெள்ளவத்தையில் புகார் உண்டாக்கியவர்

கொழும்பு மாநகரத்தில் புகாருக்கு எதிராகப் போர் தொடுத்த ஒரே மனிதர் எங்கள் புகார் அண்ணைதான். இந்திய வாசகர்கள் அவசரப்பட வேண்டாம். அவர் பொலிசுக்கு மனு எழுதுகிறவர் அல்ல. அதற்கு எங்கள் நாட்டில் முறைப்பாடு என்று பெயர். அதைச் செய்து பயன் கண்ட எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. நாங்கள் புகார் என்பது மூடுபனியை. கொழும்பின் கடலோர வெள்ளவத்தையிலோ மனிதன்மேல் வியர்வையைத் தவிர வேறெதுவும் இறங்குவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒரு வருடம் முழுவதும் மூடுபனியோடு மல்லுக்கட்டினால் மக்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

சென்ற மாதம் அவர் இறந்தார். மரண அறிவித்தலில் இருந்த சொந்தப் பெயரைப் பார்த்து, வேறு யாரோ என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். பிறகு படம் உறுத்தியது, திரும்பிப் பார்த்தேன். எரித்த அன்று மழை. வந்திருந்தவர்களை இரண்டு குடைகளே மூடிவிட்டன.

எழுபதுகளில் அவர் காலி வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளர். அவரும் தம்பி ராசனும் குடியிருந்த வீட்டின் மேல் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க் வேலை. வாழ்க்கையில் முன்னேறும் எண்ணம் எனக்கு அப்போதே இல்லை. தாயும் தகப்பனும் போனபின் ராசனை அண்ணைதான் வளர்த்தார். தான் கலியாணம் முடிக்கவில்லை. அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்பார்.

ராசன் இரத்மலானையில் ஒரு கராஜில் மெக்கானிக். இனி உதவாது, கண்டம் என்று தள்ளிய பழைய கார் ஒன்றை உயிர்ப்பித்து, ஒவ்வொரு ஏப்ரலிலும் நுவரெலியாவில் மலைப்பாதைப் பந்தயம் ஓடுவான். ஒரு வருடம் அங்கே ஒரு வளைவில் முன்கண்ணாடியின் உட்பக்கம் புகார் படிந்துவிட்டது. ஒரு கையால் துடைத்தபடி மறு கையால் திருப்பியவன், காரோடு தேயிலைக்குள் கவிழ்ந்தான். இடது கை அதன்பிறகு முழுதாக நீளவில்லை. ஆசுப்பத்திரியிலிருந்து வந்த அன்றே அடுத்த ஏப்ரலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான்.

வேறு அண்ணன் என்றால் "போகாதே" என்று காலைப் பிடித்திருப்பான். இவர் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை.

"சொன்னால் கேப்பானோ? எனக்குத் தெரியாமல் போவான். தெரிஞ்சே போகட்டும். கண்ணாடியை நான் பாக்கிறன்."

"உங்களுக்குக் காரைப் பற்றி என்ன அண்ணை தெரியும்?"

"காரைப் பற்றி ஆரடா கதைச்சது? மூக்கில வைச்சாலும் கண்ணாடி, சுவரில கொழுவினாலும் கண்ணாடி, காரில பூட்டினாலும் கண்ணாடி. இவ்வளவு காலமும் நான் கண்ணாடியோடதானே சீவிக்கிறன்!"

ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று சொல். தமிழில் ஒன்றாய்ப் போனதற்கு அவர் பொறுப்பல்ல.

முதலில் வெங்காயம். வெட்டிய பாதியைக் கண்ணாடியில் தேய்த்தால் புகார் படியாது என்று யாரோ வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். சம்பலுக்கே வெங்காயம் கிடைக்காமல் நாடு தவித்த காலம் அது. ராசன் பம்பலப்பிட்டி வரை ஓட்டிப் பார்த்தான். கண்ணாடி தெளிவாக இருந்தது. அவனுக்குத்தான் கண் தெரியவில்லை. அடுத்தது உருளைக்கிழங்கு. புகாருக்குப் பதில் எறும்பு வந்து பாதையை மறைத்தது. பிறகு யாழ்ப்பாணத்துப் புகையிலையை ஊறவைத்த தண்ணீர். தெகிவளைப் பாலத்தருகில் காரை நிறுத்திவிட்டு ராசன் வாந்தி எடுத்தான்.

இதிலெல்லாம் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வெள்ளவத்தையில் நோயே இல்லை. ஆகவே புகாரை உண்டாக்குவது என்று அண்ணை தீர்மானித்தார்.

எங்கள் அலுவலகப் பியோன் அந்தோனி முகத்துவாரத்துக்காரன். மீன்வாடியிலிருந்து சாக்கில் ஐஸ் கொண்டுவந்தது அவன்தான்.

"அண்ணே, மீனு வேணாம், ஐஸு மட்டும் போதும்னு கேக்குற மனுசன நா இப்பத்தான் பாக்குறேன்" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் கார் நின்றது. முன்கண்ணாடியின்மேல் ஐஸ் சாக்குகள். உள்ளே ராசன், அந்தோனி, நான். மடியில் ஈரத் துவாய்கள். கதவுக் கண்ணாடிகள் எல்லாம் இறுக்கப் பூட்டியாயிற்று. வெளியே நின்று அண்ணை கத்தினார்:

"மூச்சு விடுங்கோடா! நான் என்ன, இரத்தமே கேக்கிறன்? மூச்சுத்தானே கேக்கிறன்!"

விட்டோம். அண்ணை கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்து எங்களை ஆராய்ந்தார். பிறகு என்னைச் சுட்டிக்காட்டினார். "இவன்ர மூச்சுத்தான் திறம். நல்ல ஈரம்!" பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. இன்றுவரை கடைசியும்.

ஐஸ் உருகி மீன்தண்ணீராக ஓடியது. ஒழுங்கையின் பூனைகள் கூடின, காகங்கள் வந்தன, அவற்றின் பின்னால் சைக்கிளில் ஒரு கொன்ஸ்டபிளும் வந்தார்.

"மொக்கத மே?" இது என்ன என்றார்.

"மீதும, ராலஹாமி" என்றார் அண்ணை, மிகுந்த பணிவோடு. மூடுபனிக்குச் சிங்களம் அதுதான்.

கொன்ஸ்டபிள் தலைக்குமேல் கொளுத்திய வெயிலைப் பார்த்தார். "வெள்ளவத்தே மீதும?" என்று குனிந்து காருக்குள் எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தான் அது வந்தது. எங்கள் மூன்று முகங்களும் அவர் கண்ணெதிரே மெல்ல மெல்ல மறைந்தன.

"வந்திட்டுது! வந்திட்டுது!" என்று அண்ணை நடுத்தெருவில் துள்ளினார்.

கொன்ஸ்டபிள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. என்னவென்று எழுதுவது?

பல ஞாயிறுகள் இப்படியே போயின. கடைசியில் பலித்தது சாதாரண சலவைச் சோப்பு. காய்ந்த கட்டியை உட்பக்கம் தேய்த்து, சோப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். அன்று நாங்கள் தலை கிறுகிறுக்கும்வரை மூச்சு விட்டோம். கண்ணாடி அசையவில்லை, பளிங்காக நின்றது. ராசன் இறங்கி ஓடிவந்து அண்ணையைக் கட்டிப்பிடித்துவிட்டு, கராஜுக்குச் செய்தி சொல்லப் போனான்.

அண்ணை துள்ளவில்லை. ஒழுங்கை ஓரத்தில் குந்தினார்.

"அப்ப இனி அவன் போவான்" என்றார். "மறிக்க ஒண்டும் இல்லை."

ஏப்ரல் வந்தது. அண்ணையும் நானும் மலைக்குப் போனோம். யாரிடமோ இரவல் வாங்கிய நீளமான கோட்டுக்குள் அண்ணை பாதி தொலைந்திருந்தார். காலையில் நல்ல வெயில். கார்களை ஒவ்வொன்றாக விட்டு நேரம் பார்க்கும் பந்தயம். ராசனின் முறை வரும்போது மத்தியானம் திரும்பிவிட்டது. மலை உச்சியிலிருந்து புகார் இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணை காருக்குள் ஏறி உட்பக்கத்தைக் கடைசித் தடவையாகத் துடைத்தார். அப்படியொரு தெளிவை நான் எந்தக் கண்ணாடியிலும் கண்டதில்லை. அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. பாதை இல்லை, தேயிலை இல்லை, மலையும் இல்லை. அவர் வருடம் முழுவதும் சண்டை பிடித்தது உள்ளே வரும் புகாரோடு. இது வெளியே வந்த புகார்.

இறங்கி வந்து கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் கையை வைத்தார், மலையைத் துடைத்துவிடலாம் என்பதுபோல. பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார்.

"ராசன், போகாதையடா."

"கண்ணாடி கிளீனா இருக்குதண்ணை. நீங்கள்தானே செய்தது?"

கொடி விழுந்தது. கார் வெள்ளைக்குள் போயிற்று. சத்தம் ஒரு வளைவு ஏறியது. இரண்டாவது வளைவில் அறுந்தது.

புகார் சத்தத்தையும் விழுங்கும் என்றார் பக்கத்தில் நின்றவர், ஆறுதலாக. அண்ணை அவர் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அண்ணையின் முகத்தைப் பார்க்கத் துணிவு வராமல் அவருடைய சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டிருந்தன.

பிறகு யாரோ நடந்து வரும் ஓசை. வெள்ளைக்குள்ளிருந்து ராசன் வந்தான், ஹெல்மட் கையில்.

"கார் எங்க?" என்றார் அண்ணை. 

"ஓரமா நிக்குது. நான்தான் நிப்பாட்டினனான்."

"ஏனடா?"

"போன வருசம் பிழை கண்ணாடியிலதான் எண்டு நினைச்சு, துடைச்சுத் துடைச்சு ஓடினனான். இந்தமுறை தெளிவாத் தெரிஞ்சுதண்ணை."

"என்ன தெரிஞ்சுது?"

"முன்னுக்கு ஒண்டுமே தெரியேல்லை எண்டு."

அண்ணை அவன் கையிலிருந்த ஹெல்மட்டை வாங்கிக்கொண்டார்.

"அப்ப சோப்பு வேலை செய்திருக்கு" என்றார். 

காரை லொறிக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மூவரும் நானுஓயாவில் கொழும்புக்கு ரயில் ஏறினோம். ஏறியவுடன் ராசன் தூங்கிவிட்டான். அண்ணை கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தினார். கழுத்துவரை இழுத்துவிட்டார், நீளாத அந்தக் கையையும் உள்ளே வைத்து மூடினார். அவருடைய உடம்பில் இருந்தது கொழும்பு வெக்கைக்குத் தைத்த மெல்லிய சேட்டு. உடம்பு நடுங்கியது.

"குளிருதோ அண்ணை?"

"எனக்கென்ன குளிர்? கதையாதை, அவன் எழும்பப் போறான்." பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டதில் பாதிச் சொற்கள்தான் வெளியே வந்தன. அது முழுவதும் குளிர் என்று நான் நம்பவில்லை.

எதிர் இருக்கையிலிருந்து எழுந்துபோய் அவரோடு ஒட்டி உட்கார்ந்தேன்.  நாவலப்பிட்டி தாண்டி வெக்கை ஏறிய பிறகும் நான் என் இடத்துக்குத் திரும்பவில்லை.