சோழவந்தானுக்குப் போகக் கூடாத வண்டி

உயிரே போனாலும் புது வண்டியின் சக்கரம் சோழவந்தான் மண்ணை மிதிக்கக் கூடாது என்று சனிக்கிழமை பல் துலக்கும்போதே செல்வக்குமார் முடிவு செய்துவிட்டார்.

சோழவந்தான் அவர் மனைவி முத்துமீனாவின் ஊர். அங்கே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் பால்பாண்டிக்கு அடுத்தவர் வண்டி என்றால் சொந்த வண்டியைவிடப் பிரியம். "ஒரு எட்டு போயிட்டு வாரேன் மாப்ள" என்று வாங்குவார். அந்த எட்டு முடிய நாலு நாளாகும். செல்வக்குமாரின் ஸ்கூட்டர் அப்படித்தான் போய், தண்ணீர் தெளித்த வெற்றிலைக் கட்டுகளைச் சுமந்து, ஊறிப்போய்த் திரும்பியது. அதன் சீட்டில் உட்கார்ந்தவர் எல்லாருக்கும் கோடையிலும் பின்புறம் நனைந்தது.

இப்போது வாங்கியிருப்பது கார். வெண்ணெய் நிற சீட். சாவியைத் திருகும் வேலை இல்லை. அது சட்டைப் பையில் இருக்க, பட்டனை அமுக்கினால் போதும். முத்துமீனாவோ, பிறந்த வீட்டுக் குலசாமி கோவில் வாசலில் டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்காத வண்டியில் ஏறமாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டாள்.

ஞாயிறு காலை, விளாங்குடி வீட்டு வாசல். செல்வக்குமார் கிளட்சை மிதிக்காமல் பட்டனை அமுக்கினார். பாட்டு வந்தது. மறுபடி அமுக்கினார். விளக்கெல்லாம் எரிந்தது. மறுபடி அமுக்கினார். எல்லாம் அணைந்தது. என்ஜின் மட்டும் மூச்சு விடவில்லை. கிளட்சை மிதித்து அமுக்கினால்தான் அது கிளம்பும். வீட்டில் அந்த ரகசியம் தனக்கு மட்டுமே தெரியும் என்பது அவர் எண்ணம்.

"என்னங்க, கிளம்பலையா?"

"கிளம்பாது. உள்ள ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கு. எதுக்கு எம்புட்டு கரண்டு விடணும்னு அதுதான் முடிவு பண்ணும். ஆஃப்னா எல்லாம் தூங்கும். அடுத்தது ஆக்சஸரி, பாட்டு மட்டும் பாடும். அதுக்கடுத்து ஆன், மீட்டரெல்லாம் எரியும். கடைசியாத்தான் ஸ்டார்ட். இப்ப பெட்டி குழம்பிப்போயி நடுவுலேயே அல்லாடுது."

"பாட்டு கேக்கும், லைட்டு போட்டுக்கும், வேலைன்னா மட்டும் அசையாது. அதானே?"

"கரெக்ட்டா புடிச்சிட்ட."

"கல்யாணம் ஆனதுலேருந்து வீட்டுல பாக்குறேன்ல."

செல்வக்குமார் காரை விட்டு இறங்கினார். துக்கம் விசாரிக்கும் குரலில், "வா, பஸ்ஸுல போயிருவோம்" என்றார்.

"போயி, பஸ்ஸுக்கு எலுமிச்சம்பழம் வைக்கவா?" என்றவள் போனை எடுத்தாள். "அண்ணே, வண்டி நின்னுபோச்சு. கயிறோட வா."

பால்பாண்டி வெற்றிலை ஏற்றும் குட்டியானை வேனோடு வந்து இறங்கினார். "கவலைய விடு மாப்ள. கட்டி இழுத்துருவோம். ஸ்டீரிங்கு திரும்புமா?"

திரும்பாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். வீடியோ பார்த்து வளர்த்த அறிவு சும்மா இருக்க விடவில்லை.

"ஆஃப்ல இருந்தாத்தான் பூட்டிக்கும் மச்சான். ரெண்டு தடவை அமுக்கி ஆன்ல வச்சுட்டா நல்லாத் திரும்பும்."

"குழம்புன பெட்டி அதை மட்டும் எப்படிங்க சரியாச் செய்யுது?" என்றாள் முத்துமீனா.

"அது வேற டிபார்ட்மென்ட்."

அவள் அண்ணனோடு முன்னால் ஏறிக்கொண்டாள். செல்வக்குமார் தன் புதுக் காரில் தனியாகப் பின்னால் போனார். என்ஜின் ஓடாததால் ஏசி இல்லை. ஸ்டீரிங் அம்மிக்கல்லாகக் கனத்தது. பிரேக்கின் மேல் ஏறி நின்றால்தான் வண்டி கேட்டது. கிளட்ச் இடது காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு மிதி, ஒரு அமுக்கு; குளுகுளுவென்று காற்று வரும். மானம் போய்விடும். மானமே பெரிதென்று வியர்த்தார். சமயநல்லூர் டீக்கடையில் யாரோ சொன்னது திறந்த ஜன்னல் வழியே கேட்டது: "புது வண்டியப்பா. கன்னுக்குட்டி கணக்கா கட்டி இழுத்துட்டுப் போறாக."

கோவில் வாசலில் கயிற்றை அவிழ்த்தார்கள். பூசாரி சூடம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். "எல்லாரும் சேர்ந்து தள்ளுங்கப்பா."

"தள்ள வேணாம் சாமி. என்னங்க, அந்தச் சாவியக் குடுங்க."

முத்துமீனா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கிளட்சை மிதித்தாள். பட்டனை அமுக்கினாள். என்ஜின் உறுமியது.

"ஷோரூம்ல அந்தப் புள்ள, மிதிச்சு அமுக்குங்கன்னு சொல்லுச்சு. அப்ப நீங்க மாலையோட போட்டோவுக்கு நின்னுக்கிட்டு இருந்தீக" என்று சொல்லிவிட்டு இறங்கி, அண்ணனை உட்காரச் சொன்னாள். பால்பாண்டி வண்டியை அரையடி நகர்த்தினார். எலுமிச்சம்பழம் நசுங்கியது.

"வழியில குலுங்குனதுல பெட்டி சரியாயிருச்சு போல" என்றார் செல்வக்குமார்.

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் அவள், பாவம்போல. "இருந்தாலும் ஒருதடவை குழம்புனது மறுபடி குழம்பாதுன்னு என்ன நிச்சயம்? நீங்க ஓட்ட வேணாங்க, எனக்குப் பக்குன்னு இருக்கு. அண்ணன் நாலு நாளைக்கு ஓட்டிப் பாக்கட்டும். நான் இங்கன இருந்து வண்டியோட வாரேன்."

பெட்டி குழம்பவே இல்லை என்று சொல்ல செல்வக்குமார் வாயைத் திறந்தார். சொன்னால் காலையிலிருந்து சொன்னது அத்தனையும் பொய்யாகும். மூடிக்கொண்டார். பால்பாண்டி அதற்குள் டிக்கியைத் திறந்து முழம் போட்டுப் பார்த்துவிட்டு, "எட்டுக் கட்டு தாராளமாப் புடிக்கும் மாப்ள" என்றார்.

சாயங்காலம் செல்வக்குமார் பஸ்ஸில் தனியாக வீடு திரும்பினார். மச்சான் பிரியமாகக் கொடுத்தனுப்பிய வெற்றிலைக் கட்டு மடியில் இருந்து சொட்டுச் சொட்டாகப் பேன்ட்டை நனைத்தது.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "கட்டுக்கும் டிக்கெட் எடுக்கணும்ணே."