புங்க மரமும் துவைக்காத ஜிப்பாவும்

உலக வெப்பத்தை ஒரு டிகிரி குறைக்கும் வல்லமை படைத்த பேரியக்கம் ஒன்று அபிராமபுரத்தில் இயங்கி வருவதைத் தமிழ்கூறு நல்லுலகம் இன்னும் அறியாமல் இருப்பது அநியாயம். ‘பசுமைப் போர்வாள்’ என்பது அதன் திருநாமம். அடியேன் பஞ்சாட்சரம், செயலாளர்.

அந்தக் காலத்துப் போராளிகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. மரம் வெட்ட ஆள் வந்தால் ஓடிப்போய் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்களாம். எறும்பு கடிக்காதா? நாங்கள் வளர்ந்துவிட்டோம். மரத்தைத் தொடாமலே காப்பாற்றுகிறோம். வாட்ஸ்அப் குழு இருக்கிறது, டிரோன் இருக்கிறது, ஆளுக்கொரு மூங்கில் டூத்பிரஷ் இருக்கிறது. உடுப்பைக்கூட நாலு தடவை போட்ட பிறகுதான் துவைக்கிறோம். தண்ணீர் சேமிப்பு எங்கள் உயிர்க்கொள்கை.

இப்பேர்ப்பட்ட இயக்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. எங்கள் தெருவில் மிச்சமிருந்த ஒரே புங்க மரத்தில் மாநகராட்சி ஆட்கள் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். மழைநீர்க் கால்வாய்க்காக வெட்டப் போகிறார்களாம். அதன் நிழலில்தான் ஷரீஃப் இருபது வருஷமாக இஸ்திரி வண்டி போட்டிருக்கிறார். வியாழக்கிழமை காலை ஒரு காகிதத்தோடு என் வாசலில் வந்து நின்றார்.

“சார், பொண்ணு இஃப்ரா எழுதிக் குட்த்துச்சு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டு, திங்கக்கெழமைக்குள்ள வார்டு ஆபீசுல குட்த்தா வெட்ட மாட்டாங்களாம்.”

“நீங்களே போடலாமே?”

“என் வூடு மந்தைவெளில கீது சார். இந்தத் தெருவுல வூடு இருக்கறவங்கதான் போடணுமாம். மரம் பூட்ச்சின்னா என் பொயப்பும் பூட்ச்சி சார்.”

“கவலையை விடுங்க. கமிட்டியில வெச்சுடறேன்” என்று காகிதத்தை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டேன். தனி ஆள் தன்னிச்சையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் இயக்கம் எதற்கு?

சனிக்கிழமை அவசரக் கூட்டம், தலைவி சண்முகவடிவு அம்மாள் வீட்டில். ஏசியை எத்தனையில் வைத்தால் பூமிக்கு நல்லது என்று முதல் அரைமணி ‘ஆழமாக’ விவாதித்தோம். அடுத்து டி-ஷர்ட்.

“இலைப் பச்சையா, பாசிப் பச்சையா?” என்றார் தலைவி.

“மேடம், மரத்துக்கு முன்னாடி பச்சை போட்டா போட்டோல நாம தெரியவே மாட்டோம்” என்றான் அஸ்வத். எங்கள் சமூக ஊடகப் பிரிவே அவன்தான்.

“ஐயையோ! அப்போ ஆரஞ்சு. ஆன்லைன் மனு எப்படிப் போறது?”

“பதினோராயிரம் கையெழுத்து மேடம். டொரன்டோலேர்ந்து மட்டும் நானூறு!”

எனக்குப் புல்லரித்தது. பையிலிருந்த காகிதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அஜெண்டாவில் இல்லாததைப் பேசுவது எங்கள் மரபல்ல. மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மனிதச் சங்கிலி. நாற்பது ஆரஞ்சு டி-ஷர்ட்டுக்கும் ஷரீஃப்தான் இஸ்திரி.

“சார், அந்தப் பேப்பரு இன்னா ஆச்சு?”

“பரிசீலனையில இருக்கு.”

“நாளைக்குக் கடைசி நாளு சார்.”

“அதனாலதான் இன்னிக்கே சங்கிலி போடறோம்!”

டிரோன் மேலே பறந்தது. அபாரமான படம். பார்த்தவர்கள் அழுதார்களாம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மரத்தை வெட்டிவிட்டார்கள். “தெருக்காரங்க ஒருத்தர் எழுதிக் குடுத்திருந்தாக்கூட நிறுத்தியிருப்போம் சார்” என்றார் மேஸ்திரி. மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை என்று அன்றே குழுவில் வருந்திப் பதிவிட்டேன்.

புதன்கிழமை அடிமரத்தருகே இரங்கல் கூட்டம். அதற்காக அந்த ஜிப்பாவை இஸ்திரிக்குக் கொடுத்திருந்தேன். மூன்றாவது தடவைதான், ஆகவே துவைக்கவில்லை. ஷரீஃப் வெயிலில் நின்றபடி அதை நீட்டினார். கூடவே மடித்த ஒரு காகிதத்தையும்.

“பாக்கெட்டுல இருந்திச்சு சார். கருகிடப் போவுதுன்னு எட்த்து வெச்சேன்.”

தங்கமான மனிதர்.

காகிதத்தின் மறுபக்கம் காலியாக இருந்தது. விடுவேனா? என் இரங்கல் உரையை அதிலேயே எழுதி, அதைப் பார்த்தே படித்தேன். “நண்பர்களே! ஒரு காகிதத்தை வீணாக்குகிறவன் ஒரு மரத்தைக் கொல்கிறான்!”

தெருவே அதிரக் கைதட்டினார்கள். ஷரீஃப் மட்டும் தட்டவில்லை. அவருக்கு ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, இன்னொரு கையில் குடை.