குழாய்த் தலையை நீக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய தமக்கையார் அவர்களுக்கு,

தங்கள் இளைய தம்பி எழுதுவது. இங்கே நான், என் மனைவி, அண்ணன் மூவரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். மனநலம் குறித்து மூவர் சார்பிலும் உறுதியளிக்க இயலாது. தாங்களும் அத்தானும் நலமாகவே இருப்பீர்கள். குற்றம் செய்தவர்கள் பொதுவாக நலமாகத்தான் இருக்கிறார்கள். பேசத் தெரிந்த நாள் முதல் ‘நீ’ என்றே அழைத்து வந்தவன் இன்று ‘தாங்கள்’ என்று எழுதுவதிலிருந்தே என் நிலையை ஊகித்திருப்பீர்கள்.

குற்றம் யாதெனில், அண்ணனின் அறுபதாவது பிறந்தநாளுக்குத் தாங்கள் அனுப்பிய வண்ணப்பெட்டி. வாழ்நாளெல்லாம் பியானோ வாசித்த மனிதருக்கு ஒரு கம்பளிப் போர்வை அனுப்பியிருக்கலாம். பெட்டி வந்த வாரத்திலேயே, நான் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பியானோவை ஓர் இசைப்பள்ளிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் வீடு திரும்பியபோது மாடியறையில் அது நின்ற இடத்தில் ஓவியத் தாங்கி நின்றது. அதில் மாட்டிய கித்தான் துணியில் ஒரு மீனின் வாயிலிருந்து மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தது. என்னண்ணா இது என்றேன். “வாசிச்சது போதும்டா. இத்தனை நாளா காதுக்குள்ள என்னென்ன நின்னுக்கிட்டிருந்துச்சுன்னு பார்க்கணும்” என்றார். நின்றுகொண்டிருந்தவை இவைதாம்: மேற்படி மீன், படி, துணிக்கொடியில் காயப்போட்ட மேகங்கள், கறுப்பும் வெள்ளையுமாகப் பல் முளைத்த ஒரு மாடு, மாட்டுக்கு இடப்பக்கம் ஸ்டூலில், தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒழுகும் குழாயோடு, நான்.

நான்தான் என்பதில் ஐயமில்லை. தேநீருக்கு வந்த எங்கள் துறைத் தலைவர், நான் எப்போதும் பூட்டியே வைத்திருக்கும் கழுத்துப் பொத்தானை வைத்தே கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். மனைவியிடம் முறையிட்டால், அந்த ஒழுகுகிற விதம் அச்சு அசல் நீங்கதான் என்கிறாள்.

பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அண்ணன் ஏறிய மேடைகளிலெல்லாம் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து இசைத்தாளைப் புரட்டியவன் நான். அவர் தலையை இம்மியளவு அசைப்பார். எழுவேன், புரட்டுவேன், உட்காருவேன். அதற்கு எனக்கு எவரும் கைதட்டியதில்லை; நான் எதிர்பார்த்ததுமில்லை. பியானோவைக் கொடுக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதே என் வாதம். இப்போது தூரிகையைப் பிடித்துக்கொண்டும் அதே தலையசைப்பு. அறை மூலையில் செய்தித்தாள் பிடித்திருக்கும் என் கை தானாக எழுகிறது. எழுந்த கைக்கு வேலையில்லை. வகுப்பில் ஒரு மாணவி புரிந்ததென்று தலையாட்டினால் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் தள்ளிப் போய்விடுகிறேன், அதனால் உப்புகள் பாதியில் நிற்க அமிலங்கள் தொடங்கிவிடுகின்றன. வீட்டிலும் இருப்புக்கொள்ளவில்லை, மாடி ஏறுகிறேன், இறங்குகிறேன், ஏன் ஏறினேன் என்று மறந்து மறுபடி ஏறுகிறேன், அந்த மீன் என்னைப் பார்க்கிறது.

போகட்டும், வரைந்தார், முடிந்தது என்று விட்டாரா? இல்லை. தினமும் காலையில் கித்தான் முழுக்க வெள்ளை பூசிவிட்டு, அதே படத்தை முதலிலிருந்து தொடங்குகிறார். ஏன் என்று கேட்டால், நேத்து வாசிச்சதை இன்னைக்கு வாசிக்கக் கூடாதா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். ஓவியக்கூடம் நடத்தும் அம்மையார் ஒருவர் வந்து பார்த்து, இதற்கு சர்ரியலிசம் என்று பெயரும் சொல்லி, கண்காட்சிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். வேனோடு திரும்பி வந்தால், படி இறங்குவதற்குப் பதில் ஏறுகிறது, மீன் தூங்குகிறது, மாட்டைக் காணோம். நான் பார்த்த படம் எங்கே என்றார். அண்ணன் நிதானமாகத் தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அதேதாங்க இது. இன்னைக்குக் கொஞ்சம் மெதுவா எடுத்தேன்.”

அந்த அம்மா என்னைப் பார்க்குது, நான் குழாயைப் பார்க்கிறேன், கீழே வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். கடைசியில் வேன் காலியாகவே போச்சு. அவருக்குக் கவலையே இல்லை, நாளைக்கு வேகமா எடுக்கப்போறேன், வரச்சொல்லு என்கிறார். அக்கா, நீ கொடுத்த இடம் இது.

மன்னிக்கவும், தாங்கள் கொடுத்த இடம். ஆகவே நேற்று அண்ணனிடம் எழுத்து மூலமாகவே தெரிவித்துவிட்டேன்: என்னை அந்தப் படத்திலிருந்து உடனடியாக நீக்க வேண்டும். தங்களிடம் கோருவது: இம்மாத இறுதிக்குள் தாங்களே நேரில் வந்து அண்ணனையும், தாங்கியையும், மீனையும் தங்கள் இல்லத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இதில் மறுபரிசீலனை இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் எவருக்கும் தாங்கள் வண்ணப்பெட்டி வாங்கித் தராதிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பொறுமையின் எல்லையில் நிற்கும்
தங்கள் தம்பி

பி.கு.: அக்கா, இதை உறையில் போடும் முன் மாடிக்குப் போனேன். இன்றைய படத்தில் நான் இல்லை. மாடு திரும்பி வந்திருக்கிறது, ஸ்டூல் இருக்கிறது, ஸ்டூலில் ஆள் இல்லை. நீதானே வேண்டாம்னு எழுதிக் கொடுத்தே என்றார் அண்ணன். சரிதான் என்றேன். அப்புறம், “ஆமா, அந்த மாட்டுக்கு யாரு பக்கம் புரட்டுவா?” என்று கேட்டுவிட்டேன். அவர் தலையை மட்டும் இம்மியளவு அசைத்தார். அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ரொம்ப அசையாதே என்கிறார். நீ வர வேண்டாம். வந்தே தீருவேன் என்றால் வெள்ளை வண்ணம் மட்டும் நிறைய வாங்கிக்கொண்டு வா, தினமும் தேவைப்படுகிறது.