கேக்குதா சேர் மேடை ஏறிய நாள்

கண்டி மாவட்டத்திலேயே கையில் போன் இல்லாமல் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்கத் தெரியாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் பாடசாலையின் கணித ஆசிரியர், கேக்குதா சேர்.

கொரோனாவில் பாடசாலைகளை மூடியபோது, ஹந்தானை மலையில் சிக்னல் கிடைத்த ஒரே பாறையில் குடையோடு உட்கார்ந்து பாடம் நடத்தியவர். வரிக்கு ஒரு தடவை "கேக்குதா? கேக்குதா?" என்று கத்திக் கத்தி அதுவே பெயராகிவிட்டது. பாடசாலை திறந்த பிறகும் போன் வாயைவிட்டு இறங்கவில்லை. கட்டுகஸ்தோட்டை தேத்தண்ணிக் கடையிலும் போனைப் பிடித்தபடிதான், "ரெண்டு வடை, ஒரு பிளேன்டீ. கேக்குதா?" என்பார்.

"ஒங்கட சத்தம் பேராதனை வரைக்கும் கேக்குது சேர்" என்பார் கடைக்கார நானா.

இப்படிப்பட்டவரைத்தான் கல்வித் தொழில்நுட்ப மாநாடு ஒன்றில் பேச அழைத்தார்கள். கண்டி நகரில் பெரிய ஹோட்டல். நன்கொடையாளர்கள் எல்லாம் வருவார்களாம். கணினிப் பாடம் எடுக்கும் என்னை அதிபர் கூப்பிட்டார்.

"டீச்சர், நீங்கதானே ஐ.சி.டி. இவர எப்படியாச்சும் தயார் பண்ணுங்க. நல்லா பேசினா நம்ம ஸ்கூலுக்கு ஸ்மார்ட் போர்ட் கெடைக்கும்."

மேடைத் திரையில் காட்டச் சேரிடம் படங்கள் கேட்டேன். கொண்டுவந்தார். வெயிலில் பாறை, மழையில் பாறை, பனி மூட்டத்தில் பாறை இருந்திருக்க வேண்டிய இடம்.

"என்ன சேர் இது, எல்லாம் கல்லா இருக்கு?"

"கல்லுதான் டீச்சர் நம்ம டெக்னொலொஜி."

ஒத்திகை அதைவிட மோசம். சபையோர் உட்காரப் போட்டிருந்த கதிரைகளைப் பார்த்ததும் சேருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "வணக்கம்" வரைக்கும் வந்து நின்றுவிட்டார். யோசித்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் அவருக்குப் போன் அடித்தேன். அருவி மாதிரி கொட்டியது பேச்சு! பிறகென்ன, மாநாட்டிலும் அதையே செய்வதென்று முடிவு பண்ணினோம்.

அன்று நான் முன்வரிசையில் காதில் போனோடு. அவர் மேடையில் வாயில் போனோடு, பக்கத்தில் அதே பாறைக் குடையோடு. நடுவில் பத்தடி தூரம். சபையோர் இதை ஏதோ புதிய தொழில்நுட்பச் செயல்விளக்கம் என்று நினைத்துக் குறிப்பெடுத்தார்கள். பாறைக்குச் சிரித்தார்கள், குடைக்குக் கைதட்டினார்கள். ஸ்மார்ட் போர்ட் வந்த மாதிரிதான் என்று அதிபர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பிறகு சேரின் குரல் இறங்கியது. "எல்லாருக்கும் கேட்டுச்சு. ஒரு புள்ளைக்கு மட்டும் கடைசி வரைக்கும் கேக்கல. அந்தப் புள்ள..."

டிங்! நேரம் முடிந்ததென்று மேசை மணியை அடித்துவிட்டார் தொகுப்பாளர்.

வாழ்நாள் முழுக்க பாடசாலை மணிக்குக் கட்டுப்பட்ட மனிதர். சொல்லை அப்படியே பாதியில் விட்டார், குடையை எடுத்தார், நேரே வெளியே நடந்தார். சபை வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

தேநீர் இடைவேளையில் எல்லோரும் அவரைத்தான் சூழ்ந்தார்கள். யாழ்ப்பாணத்து அதிகாரி அம்மா ஒருவர் கேட்டார். "சேர், அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது? சொல்லுங்கோ."

சேர் போனைச் சட்டைப் பையில் போட்டார். முதல் தடவையாக ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அது வீட்டுல போன் இல்லீங்க. எனக்கு அது தெரியாது. ஸ்கூல் தெறந்த பொறகு தோட்டத்து லயத்து வீட்டுக்குத் தேடிப் போனேன். கொழும்புல துணிக்கடை வேலைக்கு அனுப்பிட்டாங்க. நான் பேசிக்கிட்டே இருந்தேன். யாருக்குக் கேக்கலன்னு பாக்கவேயில்ல."



ஸ்மார்ட் போர்ட் வேறொரு பாடசாலைக்குப் போனது. அவர்கள் ரோபோவைக் கொண்டுவந்திருந்தார்கள். அதிபர் ஒரு வாரம் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சேர் அதையெல்லாம் கவனிக்கவேயில்லை. பிள்ளை ஒன்று வகுப்புக்கு வராவிட்டால், மாலையிலேயே அதன் லயத்துக்கு ஏறிப்போய்விடுவார். அந்தத் துணிக்கடைப் பிள்ளை பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோதும் போனார். தாய் தகப்பனோடு உட்கார்ந்து பேசிப் பேசி, அவளை ஓ.எல். பரீட்சை எழுத வைத்தார். கணிதத்தில் சாதாரண சித்திதான், வெறும் பாஸ். அதற்கே ஆசிரியர் அறை முழுக்க இனிப்புத் தொதல் கொடுத்தார்.

இப்போது அவருக்குப் பிலிமத்தலாவைப் பக்கம் மாற்றம். என்னை இன்னும் மாநாடுகளுக்கு அழைக்கிறார்கள். பெரிய பெரிய பேச்சாளர்கள் வருகிறார்கள். நான் போய் உட்கார்ந்து, பக்கத்தில் அந்த மனிதர் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்துக்கொள்கிறேன்.