நின்னு போச்சு

"நின்னு போச்சு மீனா. இனிமே இல்லைன்னு தெளிவாச் சொல்லிட்டாக. அவருகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா பயந்துருவாரு."

அடுப்படிக்கு வெளியே கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு நின்ற சின்னச்சாமி, சொல்லாமலே பயந்துவிட்டார். உள்ளே அவர் மனைவி முத்துத்தாய், சிநேகிதி பாண்டிமீனாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

தை பிறந்ததும் மகள் தமிழ்வாணிக்குக் கல்யாணம். பதினோரு நாள்தான் இருந்தது. பழங்காநத்தத்தில் மண்டபம் பேசி, முந்நூறு பத்திரிகையும் கொடுத்தாயிற்று. இந்த நேரத்தில் பெண்ணைப் பெற்றவன் காதில் 'நின்னு போச்சு' என்று விழுந்தால், வேறு எது நின்றதாக நினைப்பான்?

முத்துத்தாய் வெளியே வந்தாள். மார்கழிப் பனியிலும் அவள் கழுத்தெல்லாம் வேர்வை. கண் சிவந்திருந்தது. ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு அடியில் உட்கார்ந்தாள்.

"என்ன முத்து, ஒரு மாதிரியா இருக்க?"

"ஒண்ணுமில்ல."

டவுன் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து குடிகாரர்களையே இறக்கிவிட்டவர்தான். ஆனால் வீட்டில் 'ஒண்ணுமில்ல' என்று கேட்டுவிட்டால் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் கிடையாது. யோசித்துப் பார்த்தால், அவள் கொஞ்ச நாளாகவே சரியில்லை. சும்மா இருக்கும்போது அழுகிறாள். ரசத்தில் உப்புக் கம்மி என்றால் சீறுகிறாள். ஐயோ பாவம், எத்தனை நாளாக இதைத் தனியாகச் சுமக்கிறாளோ என்று நினைத்தார்.

டூட்டிக்குப் போனவர், பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஓரமாக ஒதுங்கி, திருவாதவூர்ச் சம்பந்தி தவசிக்குப் போன் போட்டார். நேராகக் கேட்கக் கூடாது, நைசாக விசாரிக்க வேண்டும் என்பது திட்டம்.

"சம்பந்தி, எங்க பக்கம் ஏதும் குறை இருந்தா மனசுல வச்சுக்காதீக."

"குறையா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்."

"சும்மா யாரு சம்பந்தி குறையக் கேப்பாக?" என்ற தவசி போனை வைத்துவிட்டார்.

சின்னச்சாமி அடுத்து மாப்பிள்ளை தமிழ்மாறனைக் கூப்பிட்டார். சின்னஞ்சிறுசுகள் மனசுவிட்டுப் பேசுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"மாப்ள, ஒங்க மனசுல வேற யாரும் இருந்தா மாமாகிட்டத் தைரியமாச் சொல்லிருங்க."

பத்தாவது நிமிடம் மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, அவரு எங்கிட்ட 'ஒன் மனசுல யாரு இருக்கா, ஒங்கப்பா ஏன் சுத்தி வளைக்கிறாரு'ன்னு கேக்குறாரு. நீங்க என்னத்தச் சொல்லி வச்சீக?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டது. அத்தோடு விட்டாரா மனுசன்? எதற்கும் இருக்கட்டும் என்று மண்டப மேனேஜரிடம், "தேதி கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டு வைத்தார். அந்த மேனேஜர் தவசிக்குப் பங்காளி முறை. சேதி அன்று சாயங்காலமே திருவாதவூர் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை தவசி வந்து இறங்கினார். தனியாக வந்தார். பழம் இல்லை, பூ இல்லை, பக்கத்தில் சம்பந்தியம்மா முனியாயியும் இல்லை. நல்ல காரியத்துக்கு ஒற்றையாக எவன் வருவான்? நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "சம்பந்தி, ஒரு விசயம், எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்று ஆரம்பித்தார்.

மகள் உள்ளறைக் கதவோரம் அசையாமல் நின்றது தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சின்னச்சாமியே முந்திக்கொண்டார்.

"நீங்க சொல்ல வேணாம் சம்பந்தி. நின்னு போச்சுன்னு எங்களுக்குத் தெரியும். எம்பொண்டாட்டியே சொல்லிட்டா."

காப்பித் தட்டோடு வந்த முத்துத்தாய் அப்படியே நின்றாள்.

"நான் என்ன சொன்னேன்?"

"நேத்து மீனாகிட்டப் போன்ல சொன்னியே, நின்னு போச்சு, அவருகிட்டச் சொல்லலன்னு."

அவள் முகம் சிவந்தது. முதலில் வெட்கத்தில்தான் சிவந்தது. அப்புறம் தட்டை டீப்பாயில் ஓசையோடு வைத்தாள்.

"நின்னது கல்யாணம் இல்ல. எனக்கு மாசாமாசம் வாரது. வருசம் ஒண்ணாச்சு."

இரண்டு ஆண்களும் தரையைப் பார்த்தார்கள்.

"குனியாதீக, கேளுங்க. குப்புனு வேர்க்குது. நெஞ்சு படபடன்னு அடிக்குது. தூக்கமே இல்ல. எங்கண்ணன் போன மாதிரி நானும் நெஞ்சடைச்சுப் போயிருவேன், மக கல்யாணத்தப் பாக்க மாட்டேன்னு நெனச்சுப் பயந்து கெடந்தேன். மீனாதான் டாக்டரம்மாகிட்டப் போகச் சொன்னா. நெஞ்செல்லாம் நல்லா இருக்கு, இது இந்த வயசுல எல்லாருக்கும் வாரதுதான், தாங்க முடியலைன்னா அதுக்கு வைத்தியமும் இருக்கு, மொதல்ல வீட்டுல சொல்லும்மான்னாக." புருசன் பக்கம் திரும்பினாள். "ஊரு பூரா விசாரிச்சீகளே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

சின்னச்சாமிக்கு உயிர் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. கல்யாணம் நிற்கவில்லை என்ற சந்தோஷத்தைவிட, பக்கத்தில் படுத்திருந்தவள் பயந்துகொண்டே கிடந்தது தெரியாமல் போன வருத்தம் பெரிதாக இருந்தது. எழுந்து போய் அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, ஃபேனை முழு வேகத்தில் வைத்தார்.

"இனிமே டாக்டர்கிட்ட நானும் வாரேன் முத்து."

தவசி மட்டும் காப்பியைத் தொடவில்லை. அவர் நெற்றியில் இப்போது வேர்வை அரும்பியிருந்தது.

"ஏந்தங்கச்சி, இதுக்குக் கோவமும் வருமா?"

"வரும்ணே. எதுக்குன்னே தெரியாம வரும்."

"தட்டத் தூக்கி எறியுற அளவுக்கு?"

"அதுவும் வரும்."

தவசி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எங்க வீட்டுல முனியாயி ரெண்டு மாசமா எறியுறா, அவளுக்கு இந்தச் சம்பந்தம் புடிக்கலன்னு நானா நெனச்சுக்கிட்டு, கல்யாணத்த நிறுத்திட்டுப் போகத்தான் தங்கச்சி வந்தேன்."